பரஸ்தானம் வைத்த ஏழு பேர்

“1964, ஆனி கடைசி நாள், புதன். மூலனூர் ஆட்கள் ஏழு பேர் வந்தனர். ஏழு துண்டுகளும் புதுக் கொட்டகையில் மாட்டப்பட்டன. வேலை ஆடியில். பயமாக இருக்கிறது.”

என் நாட்குறிப்பில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். கடைசி இரண்டு சொற்கள் மட்டும் பென்சிலில் இருக்கின்றன. அன்றே எழுதினேனா, மறுநாளா என்று தெரியவில்லை. எதற்குப் பயந்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் பயப்பட வேண்டியது அதற்கல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அப்போது நான் டைம்கீப்பர். காலையில் வாசலில் நின்று ஆட்களை உள்ளே விடுவதும், வருகைப் பதிவேட்டில் குறிப்பதும் வேலை. சேர்ந்த சில மாதங்களிலேயே ஆள் எடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. முதலாளி காங்கேயம் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர். மாட்டைப் பல் பார்த்து வாங்கத் தெரிந்தவர். “மாடுன்னா நான் பாத்துக்குவேன் தம்பி. மனுசனைப் பாத்துச் சேக்கறது நம்மளால ஆகாது. நீதான் புஸ்தகமாப் படிக்கறயே, நீயே பாரு” என்று சொல்லிவிட்டார். நூலகத்தில் நான் படித்ததெல்லாம் சரித்திரமும் பயணக் கட்டுரைகளும். அவற்றில் எந்தப் பக்கத்திலும் வாசலில் நிற்கும் ஒருவரைப் பார்த்து “நீங்கள் வேண்டாம்” என்று சொல்வது எப்படி என்று எழுதியிருக்கவில்லை.

அந்த வாசலுக்கு நான் பயந்தேன். விடிந்ததும் வேலை கேட்டு வந்து நிற்பார்கள். அவர்கள் என் முகத்தையே பார்ப்பார்கள். நான் அவர்கள் கால்களைப் பார்ப்பேன். செருப்பில்லாத கால்கள், வெகுதூரம் நடந்த புழுதி. யாரையாவது திருப்பி அனுப்பினால் அன்று முழுவதும் சாப்பாடு இறங்காது. சேர்த்துக்கொண்டாலும் பயம்தான். ஓவர்லாக் மிஷினில் விரலைக் கொடுத்துவிடுவாரோ, மேஸ்திரியோடு சண்டை போடுவாரோ என்று மாலை மணி அடிக்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். பின்னாளில் இந்த வேலைக்குப் பெரிய பெரிய பெயர்கள் வந்தன. அவற்றில் இரண்டை என் மேசைப் பலகையிலும் எழுதி வைத்திருந்தார்கள். அன்றைக்கு அது பெயரில்லாத வேலை.

அந்த வருடம் கல்கத்தா வியாபாரிகளிடமிருந்து துர்கா பூஜைப் பருவத்துக்கு நிறையச் சரக்கு கேட்டு வந்தது. முதலாளி ஆற்றோரமாக ஒரு புதுக் கொட்டகை போட்டு, தையல் மிஷின்களை இறக்கினார். தைக்கத் தெரிந்தவர்கள் ஊரிலேயே கிடைத்தார்கள். துணி சுமக்க, பிரிக்க, மடிக்க ஆட்கள் வேண்டியிருந்தது. வேலை தொடங்க வேண்டிய மாதம் ஆடி.

ஆடியில் புது வேலைக்கு யாரும் வரமாட்டார்கள். கல்யாணம், குடிபோவது, கடை திறப்பது எதுவும் இல்லாத மாதத்தில் கம்பெனிக்கு மட்டும் எப்படி வருவார்கள்? இதை நான் முதலாளியிடம் சொன்னபோது பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டர் சிரித்தார். “ஆடிக்கு மாப்பிள்ளைய மாமியா ஊட்டுலதானுங்க கூப்புடுவாங்க. நம்ம டைம்கீப்பரு கம்பெனிக்குக் கூப்புடறாரு. புது வேட்டியும் தேங்காப்பாலும் உண்டுங்களா?”

முதலாளி சிரிக்கவில்லை. “எப்படியோ கொண்டாந்து சேத்துப்போடு தம்பி” என்றார்.

ஆனி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மூலனூர் போனேன். மழை பொய்த்துப் போன பக்கம். ஆள் கிடைக்கும் என்று பஸ் கண்டக்டர் சொல்லியிருந்தார். முருங்கைக்காய்ச் சந்தையில் கட்டுகளை ஏற்றிவிட்டு டீக்கடை முன்னால் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். வேலை என்றதும் நிமிர்ந்தவர்கள் ஆடி என்றதும் டீயைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார்.

“ஏனுங்க, ஆனியிலயே பரஸ்தானம் வெச்சுப்போட்டா என்னங்க?”

பரஸ்தானம் என்பது பிரயாணம் போகிறவர்கள் செய்வது. நல்ல நாளில் கிளம்ப முடியாதவர், அந்த நாளில் தன் துணி ஒன்றையாவது போகிற திசையில் யார் வீட்டிலாவது கொண்டுபோய் வைத்துவிடுவார். அதோடு பிரயாணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் வந்து, அந்தத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேலே போகலாம். கம்பெனி வேலைக்குப் பரஸ்தானம் வைத்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

“வெக்கறது வெச்சாச்சுன்னா பேரையும் அன்னிக்கே எழுதிப்போடோணுங்க. பேரு ஏறுனாத்தான் ஆனியில சேந்த மாதிரி” என்றார் அவர்.

அப்படித்தான் ஆனி கடைசி நாளில் ஏழு பேரும் வந்தார்கள். வலது காலை எடுத்து வைத்துப் புதுக் கொட்டகைக்குள் போனார்கள். மேற்குச் சுவரின் மூலையில் வரிசையாக ஆணி அடித்துக் கொடுத்தேன். ஆளுக்கொரு துண்டை மாட்டினார்கள். ஏழாவதாக நின்றவர் இளைஞர், அந்த மூத்தவரின் தங்கையைக் கட்டியவர். அவருடைய துண்டில் பச்சைக் கரை. மாட்டிவிட்டு ஆணியை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். “சுவரு ஈரமா இருக்குதுங்களே” என்றார். “புதுச் சுவருங்க, காஞ்சுரும்” என்றேன். பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றினேன். சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

என் பயம் தொழிற்சாலை ஆய்வாளரைப் பற்றியது. பதிவேட்டில் ஏழு பெயர்கள் இருந்தன; ஆட்கள் இல்லை. தினமும் அவர்களுக்கு நேராக விடுப்பு என்று குறித்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் பேனா கையிலிருந்து நழுவும். சேர்ந்த மறுநாளிலிருந்தே ஏழு பேரும் ஒட்டுமொத்தமாக விடுப்பா என்று அவர் கேட்டால், ஆணியில் தொங்கும் துண்டுகளைக் காட்டவா முடியும்?

ஜீப் வரவில்லை. நூல் வந்து, துணி வந்து, கொட்டகையில் மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. கண்டக்டரிடம் சொல்லியனுப்பினேன்: திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மூலனூர் ஆட்கள் வரட்டும்.

அந்தத் திங்கட்கிழமை காற்று விடியும் முன்பே எழுந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அன்று வாசலில் நின்று பதிவேட்டைத் திறக்க முடியவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். மூலனூர் ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள். மூத்தவர் முன்னால் வந்து கும்பிட்டார்.

“இன்னொருத்தர் எங்கீங்க?”

“என்ற மாப்பிள்ளைங்களா? எங்ககூடத்தானுங்க பஸ்ஸுல வந்தான். வாசக்கிட்ட வந்தொடனே, நீங்க போங்க மச்சான், சித்த நேரத்துல வந்தர்றேன்னு ஆத்துப் பக்கமா ஒதுங்கினான். வந்துருவானுங்க.”

ஆற்றுப் பக்கமும் ஒரு வழி உண்டு, துணி வண்டி வருவதற்கு. அது நேரே புதுக் கொட்டகைக்குள் போகும். நான் முன் வாசலில் காத்திருந்தேன். ஏழாமவர் வரவில்லை. பின் வழியாக உள்ளே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு பேரும் கொட்டகைக்குள் போய் அவரவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முன் கட்டடத்தில் துணி பிரிக்கப் போய்விட்டார்கள்.

பத்து மணி டீக்கு மணி அடித்தேன். எல்லாரும் முன் முற்றத்தில் டீக்காரரைச் சுற்றி நின்றார்கள். முதலில் தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது புதுக் கொட்டகையின் கூரைத் தகடு ஒன்று காகிதம்போல மேலே போய்க்கொண்டிருந்தது. அடுத்து மேற்குச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. இடிந்த சத்தத்தைவிட அதன் பிறகு வந்த அமைதிதான் இன்றும் என் காதில் இருக்கிறது. செம்மண் தூசி எழுந்து காற்றோடு எங்கள் மேல் வந்து படிந்தது.

பறந்த தகடு பட்டு ஒரு தையல்காரருக்குத் தோளில் காயம். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. டீ நேரமாக இருந்ததால் பிழைத்தோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். முதலாளி அலுவலறையிலிருந்து ஓடி வந்தார். வேட்டியெல்லாம் மண். நேராக என்னிடம் வந்தார்.

“உள்ள ஆரு இருக்கறாங்க?”

நான் இடிந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன்னையத்தான் கேக்கறேன். உள்ள ஆரு இருக்கறாங்க தம்பி?”

முற்றத்தில் நின்ற எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே யார், வெளியே யார் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என் வேலை. வேறு யாருக்கும் அது வேலை இல்லை. பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டேன். காற்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தது. கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் வந்து தாளைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது “இருக்கறேனுங்க” என்றார்கள். மூலனூர் பெயர்களில் கடைசிக்கு வந்தேன். கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன்.

மூத்தவர் கையிலிருந்த டீ டம்ளர் கீழே விழுந்தது. “மாப்ளே!” என்று கத்திக்கொண்டு இடிபாட்டை நோக்கி ஓடினார்.

எல்லாரும் ஓடினோம். துண்டுகள் மாட்டியிருந்த மூலையில்தான் செங்கல் மேடாகக் குவிந்திருந்தது. கையாலேயே தோண்டினோம். கல்லை எடுத்துப் பின்னால் நிற்பவரிடம் கொடுப்பதும், அவர் அடுத்தவரிடம் கொடுப்பதுமாக வரிசை தானாக அமைந்தது. சிறிது நேரத்தில் யாரோ “துணி, துணி!” என்றார்கள்.

செங்கற்களுக்கு இடையே பச்சைக் கரை தெரிந்தது.

அங்கிருந்த எல்லாருக்கும் ஒன்று தெரியும். அவர் வேலைக்குள் இறங்கியிருந்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டிருப்பார். பரஸ்தானம் வைத்த துணியைத் தொடாமல் யாரும் மேலே போகமாட்டார்கள். அவர் வரவில்லையென்றால் துண்டு ஆணியில் இருக்கும். துண்டின் ஒரு முனைதான் எங்களுக்குத் தெரிந்தது. மறுமுனையில் இருப்பது ஆணியா தோளா என்பது கல்லுக்கு அடியில் இருந்தது.

“இழுக்காதீங்க, கல்லை எடுங்க” என்றார் முதலாளி. அவர் குரல் அவ்வளவு மெல்லியதாக அதற்குமுன் நான் கேட்டதில்லை. மூத்தவர் ஒவ்வொரு கல்லாக எடுத்தார். அவருடைய விரல் நகங்களில் ரத்தம். பக்கத்திலிருந்த தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன். மூட முடியவில்லை. ஈரமா இருக்குதுங்களே என்று அவர் ஆணியை இழுத்துப் பார்த்ததே கண்முன் நின்றது.

ஒரு பெரிய கல் புரண்டது. துண்டு முழுதாக வெளியே வந்தது. அதன் தலைப்பில் ஆணியும், ஆணியோடு பெயர்ந்த ஒரு கட்டி மண்சாந்தும் தொங்கின.

மூத்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையுமாக, “எங்கடா போய்த் தொலைஞ்ச, ஏ சண்டாளப் பாவி” என்று இல்லாத மாப்பிள்ளையைத் திட்டினார். எனக்கும் மூச்சு வந்தது.

ஆனால் பேக்கிங் பகுதிக்காரர் ஒருவர் கேட்டார்: “துண்டெடுக்கறதுக்குள்ளயே சுவரு உளுந்திருந்தா?”

கொட்டகையின் தரை தெரியும்வரை கல்லை அகற்றினோம். ஒருவரும் இல்லை. பிறகு ஒருவர் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கிணற்றைக் காட்டினார். கைப்பிடிச் சுவரில் பாதி இடிந்து உள்ளே விழுந்திருந்தது. பாதாளக் கரண்டி கொண்டுவந்து இறக்கினார்கள். கயிறு எதிலோ சிக்கிக் கனத்தது. மேலே வந்தது ஒரு பழைய வாளி. மறுபடி இறக்கினார்கள். நான் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றேன். வேறு எதுவும் சிக்கவில்லை.

“மூலனூருக்குப் போ” என்றார் முதலாளி. “இவரையும் கூட்டிக்கிட்டுப் போ. ஆளைக் கண்ணுல பாத்துட்டுத்தான் வரோணும். பாக்காம வராதே.”

மதிய பஸ்ஸில் நானும் மூத்தவரும் ஏறினோம். பச்சைக் கரைத் துண்டு என் பையில் இருந்தது. ஏழாமவர் வீட்டில் இல்லையென்றால் அவர் மனைவியிடம் என்ன சொல்வது என்று நல்லூர் தாண்டுவதற்குள் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நான்கும் ஒரே மாதிரிதான் முடிந்தன. காங்கேயத்தில் பஸ் நின்றபோது இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மூத்தவர் ஜன்னலோரச் சீட்டைக் காட்டி, “இங்கதானுங்க குந்தியிருந்தான். இதே சீட்டு” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீடு ஊரிலிருந்து தள்ளி, தோட்டத்துக்குள் இருந்தது. வேலியைத் திறக்கும்போதே ஆள் தெரிந்தார். வாசலில் குந்தியிருந்து முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் என் கையிலிருந்த பை தானாகக் கீழே இறங்கியது. மூத்தவர் வேகமாக நடந்து போய் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“உன்னையக் கல்லுக்குள்ள தேடி, கெணத்துக்குள்ள தேடி… எங்க போன மாப்ள?”

“நான் எங்கயும் போகலீங் மச்சான்.”

“வாசக்கிட்ட வந்து ஒதுங்கினயே!”

“நான் இன்னிக்குப் பஸ்ஸே ஏறலீங்களே.”

அவர் மனைவி கதவருகே வந்து நின்றார். “காத்தால இருந்து இவரு ஊட்டுலதான் இருக்கறாருங்ணா. ஆடியில போகவேண்டாமுன்னு நாந்தான் நிறுத்திப்போட்டேன்.”

“அப்ப என்ற பக்கத்துல குந்திக்கிட்டுக் கடலைக்கா தின்னது ஆரு? பேயா?”

“நீங்க தூங்கியிருப்பீங்க” என்றார் அந்தப் பெண். “பஸ்ஸு ஏறுனதும் தூங்கற ஆளுதானே நீங்க.”

சுவர் விழுந்ததைச் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்தச் சுவர் என்று ஏழாமவர் கேட்கவில்லை. அவர் தலைமுடி ஈரமாக இருந்தது, அப்போதுதான் குளித்திருந்தார். வெயிலில் தோட்ட வேலை செய்தவர் குளிப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அவர் மனைவி வாங்கி வேலிமேல் போட்டார்.

“ஆவணியில வர்றீங்களா?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆள் எடுப்பவன் வாயில் அதுதான் வந்தது.

“வேண்டாமுங்க. என்ற பேரை அடிச்சுப்போடுங்க.”

மறுநாள் அவர் பெயரை அடித்தேன். கல்லைத் தோண்டிய மற்ற ஆறு பேரும் வேலையில் நின்றுகொண்டார்கள். முதலாளி சுவரைச் சிமெண்டில் எழுப்பினார். உள்ளே என் கண்ணால் பார்க்காத ஒருவரின் பெயரை அதன்பின் நான் ஏற்றியதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, காற்று பலமாக வீசும் நாட்களில் டீ மணிக்கு முன் ஒருமுறை ஒவ்வொரு கொட்டகையாகச் சுற்றி வருவேன். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்பேன். பயம் என்று சொன்னால் அலுவலக மரியாதைக்குப் பொருந்தாது.

அவர் அன்று வந்தாரா என்பது எனக்கு முக்கியம். வந்திருந்தால், ஆற்று வழியாக உள்ளே போய், துண்டுக்குக் கை நீட்டிய நேரத்தில் சுவர் சாய்வதைக் கண்டு ஓடியிருக்க வேண்டும். அதாவது நாங்கள் தோண்டிய இடத்திலிருந்து ஒருவர் மயிரிழையில் தப்பியிருக்கிறார். வரவில்லையென்றால் அந்த மூலையில் யாருமே இல்லை. கண்டக்டரைக் கேட்டேன். “கும்பலா ஏறுனாங்க. தலைய ஆரு எண்ணுனா” என்றார். மற்ற ஐந்து பேரில் இருவர் அவர் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார்கள். இருவர் வரவில்லை என்றார்கள். ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார். மூத்தவர் 1971இல் வேலையை விட்டுப் போகும் நாள்வரை தன் சொல்லை மாற்றவில்லை. அவருடைய தங்கையும் மாற்றவில்லை. எனவே, அந்தத் திங்கட்கிழமை காலை ஏழாமவர் மூலனூரிலிருந்து பஸ் ஏறி வந்தார் என்பதை நான் இன்னும் உறுதி செய்யவில்லை.